‘நாட்ச்’ என்றால் யார் ஆடியது?

ஆங்கிலேயர்கள் இந்தியாவில் இருந்தபோது பேசிய ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி இருக்கிறது. ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்று பெயர். 1886இல் வெளிவந்தது. ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல் இருவரும் சேர்ந்து தொகுத்தது. அகராதியைக் கதைப் புத்தகம்போலப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. அதில் ‘நாட்ச்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் போட்டிருக்கிறார்கள். பெண்கள் ஆடும் ஒருவகை பாலே என்பது முதலாவது. எந்த மேடைக் கேளிக்கையானாலும் சரி என்பது இரண்டாவது. மூன்றாவது, ஐரோப்பியர்கள் தங்கள் விருந்துகளில் ஜோடி ஜோடியாக ஆடும் நடனம்.

நம்மூரில் காலனிய கால வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் இந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியாது. சென்னை மாகாணத்தில் இந்தச் சொல்லை எதிர்த்தே ஓர் இயக்கம் நடந்தது. ‘ஆன்டி-நாட்ச்’ இயக்கம். மொழிபெயர்ப்பு வேலைக்கு வரும் பழைய ஆங்கிலக் கட்டுரைகளில் இது வரும்போதெல்லாம் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். தமிழில் என்ன போடுவது? ‘நாட்டியம்’ என்றால் பொய். ‘தாசியாட்டம்’ என்றால் பாதி உண்மை. ‘கூத்து’ என்றால் திசையே மாறிவிடும். இவ்வளவு தொல்லை தருகிற சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேர் ஒன்றும் அந்நியமில்லை. இந்தி ‘நாச்’. அதற்கு முன் பிராகிருத ‘நச்ச’. அதற்கும் முன் சமஸ்கிருத ‘நிருத்ய’. நம் நட்டம், நட்டுவனார், நாட்டியம் எல்லாம் இதே குடும்பத்தின் வேறு கிளைகள். ‘நள்ளிருளில் நட்டம் பயின்றாடும் நாதனே’ என்று மணிவாசகர் பாடிய அந்த நட்டத்துக்கு நாட்ச் ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அது நம்மிடம் வந்து சேர்ந்த வழி வேறு. வட இந்தியாவில், முக்கியமாகக் கல்கத்தாவில், கம்பெனிக்காரர்கள் வாயில் விழுந்து, எழுத்துக்கூட்டல் மாறி, ஆங்கிலச் சொல்லாகி, அதன்பிறகுதான் சென்னைக்கு இறங்கியது. தெற்கே இருந்த வெள்ளைக்காரர்கள் அதற்கு முன்பு பெரும்பாலும் ‘டான்சிங் கேர்ள்’ என்றுதான் எழுதினார்கள்.

அகராதிக்காரர்களுக்கு இந்தச் சொல்லில் ஒரு சொந்தக் கோபமும் இருந்தது. கவிஞர் ராபர்ட் பிரௌனிங், 1872இல் வெளிவந்த ‘ஃபிஃபைன் அட் தி ஃபேர்’ என்ற நெடுங்கவிதையில் ஆடும் பெண்ணையே ‘நாட்ச்’ என்று அழைத்துவிட்டார். நாட்ச் என்பது ஆட்டம், ஆடுகிறவள் அல்ல. பிரௌனிங்குக்கு இந்தச் சொல்மேல் பிரியம் இருக்கிறது, ஆனால் விடாப்பிடியாகத் தப்பாகவே பயன்படுத்துகிறார் என்று அகராதிக்குள்ளேயே குட்டு வைத்திருக்கிறார்கள். இந்தியப் பெண்ணொருத்தியைப் பார்த்து ‘இந்திய பாலே’ என்று சொல்வதுபோல இருக்கிறதாம். எனக்கு இந்தக் குறிப்பு சிரிப்பை மட்டும் தரவில்லை. ஆட்டத்துக்கும் ஆடுகிறவளுக்கும் இடையிலான கோடு இந்தச் சொல்லுக்குள் ஆரம்பத்திலேயே அழியத் தொடங்கிவிட்டது. பின்னால் வந்த சண்டைகள் அத்தனையும் அந்த அழிந்த கோட்டின்மேல் நடந்தவைதான்.

சரி, கல்கத்தாவில் நாட்ச் என்று எதைப் பார்த்தார்கள்? பிளாசிப் போருக்குப் பிறகு பணம் சேர்த்த பெரிய வீடுகள், சோபாபஜாரின் ராஜா நபகிருஷ்ண தேவ் வீடு போன்றவை, துர்கா பூஜைக்கு வெள்ளைக்கார துரைமார்களை அழைத்து விருந்து வைத்தன. விருந்தோடு நாட்ச். வந்து ஆடியவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண் கலைஞர்கள், தவாயிஃப் என்ற வடநாட்டுப் பாட்டு-ஆட்ட மரபில் வந்தவர்கள். 1823இல் ராம்மோகன் ராய் வீட்டு விருந்துக்குப் போன ஃபேனி பார்க்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, அங்கே நிக்கி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். அவர் நிக்கிக்குக் கொடுத்த பட்டம் ‘கிழக்கின் கட்டலானி’.

கட்டலானி யார்? ஏஞ்சலிக்கா கட்டலானி, இத்தாலிய ஓபரா பாடகி. ஒரு ‘நடனக்காரி’யைப் பார்த்து வந்தவருக்கு ஒப்பிட ஆள் தேடும்போது பாடகிதான் நினைவுக்கு வந்திருக்கிறார். ஏனென்றால் நாட்ச் என்று சொல்லப்பட்டதில் பாட்டுக்குத்தான் பெரிய பங்கு. ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதைப் பத்து விதமாகப் பாடி, கையாலும் கண்ணாலும் அதற்கு அர்த்தம் விரித்து, நடுநடுவே காலில் கொஞ்சம் தாளம். உருதுவும் பிரஜ் மொழியும் தெரியாத துரைக்கு அந்தப் பாட்டு வெறும் சத்தம். கண்ணுக்குத் தெரிந்தது ஆட்டம் மட்டும். அதனால் பெயரும் ஆட்டத்துக்கு வைத்தார். அந்தக் காலத்துப் பயணக் குறிப்புகளில் பலர் நாட்ச் சலிப்பூட்டுகிறது என்று குறைபட்டிருக்கிறார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய ஒரு பெண் மெதுவாக நடந்து நடந்து பாடுகிறாள், இதற்கா இவ்வளவு பேச்சு என்று. பாட்டுக் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு ஆட்டம் எங்கே என்று கேட்டால் சலிக்காமல் என்ன செய்யும்?

தெற்கில் கதை வேறு. இங்கே ஆடியவர்கள் தேவரடியார், அதாவது தேவதாசி மரபினர். கோயிலிலும், அரண்மனையிலும், பெரிய வீட்டுக் கல்யாணங்களிலும் ஆடினார்கள். சதிர், சதிர்க் கச்சேரி, சின்னமேளம், கேளிக்கை என்று இடத்துக்கு ஒரு பெயர். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்தது பெரியமேளம். ஆட்டக்காரரும் ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரும் முகவீணை, துத்தி, மத்தளம் வாசிப்பவர்களும் சேர்ந்தது சின்னமேளம். கும்பகோணம் பக்கத்துப் பாட்டிமார்கள் பழைய கல்யாணப் பெருமை பேசும்போது “பெரியமேளம் ரெண்டு செட்டு, சின்னமேளம் வேற” என்பார்கள். என் பாட்டியும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் இகழ்ச்சி துளியும் இருக்காது. செலவுக் கணக்கின் பெருமைதான் இருக்கும்.

சதிரில் நட்டுவனாரும் வாத்தியக்காரர்களும் ஆடுகிறவருக்குப் பின்னால் நின்றுகொண்டே வாசிப்பார்கள். ஆட்டக்காரர் முன்னே வந்தால் அவர்களும் கூடவே முன்னே வருவார்கள், பின்னே போனால் பின்னே போவார்கள். இன்று பரதநாட்டிய மேடையில் பக்கவாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பக்கவாத்தியம் பிற்கால ஏற்பாடு. அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்று போகும் கச்சேரி வரிசை இருக்கிறதே, அதைச் சீர்செய்தவர்கள் தஞ்சை நால்வர் என்பது அநேகமாக எல்லோரும் அறிந்தது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இரண்டாம் சரபோஜி காலத்துத் தஞ்சை அரண்மனையில் இருந்தவர்கள். வர்ணம் மட்டுமே முக்கால் மணி நேரம் ஓடக்கூடியது. சொல்லுக்கட்டு, தாளக் கணக்கு, சாகித்தியம், அபிநயம் நான்கும் அதில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் எனக்கு அந்த அகராதியின்மேல் ஒரு வருத்தம். பர்னல் யாரோ லண்டனில் உட்கார்ந்து எழுதியவர் இல்லை. 1870களில் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சமஸ்கிருதப் பண்டிதர். அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880இல் அச்சிட்டவர். நால்வரின் வாரிசுகள் அந்த வட்டாரத்தில் உயிரோடு ஆட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். பின்னாளில் சதிரின் மாபெரும் ஆசானாகப் போகும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அப்போது சிறுபிள்ளை. தெற்கே ஆடுகிறவர்கள் வேறு, வடக்கே ஆடுகிறவர்கள் வேறு என்று அகராதியில் இன்னொரு தலைப்பின் கீழ் சொல்லியும் இருக்கிறார்கள். தெற்கில் எல்லோரும் இந்துக்கள், வடக்கில் இந்துவான ராம்ஜனி, இஸ்லாமியரான காஞ்சனி என்று இரு வகை உண்டு என்றெல்லாம் விவரம் வருகிறது. சாதி, மதம், வகுப்பு எல்லாம் பிரித்துவிட்டார்கள். ஆட்டத்தைப் பிரிக்கவில்லை. சதிரும் நாட்ச்தான், கதக்கும் நாட்ச்தான், சர்க்கஸ்காரன் கொட்டகையில் ஆடுவதும் நாட்ச்தான்.

ஐரோப்பியர்களிடம் இன்னொரு சொல்லும் இருந்தது: ‘பயதேர்’. கேட்டால் ஏதோ இந்தியச் சொல் மாதிரி இருக்கும். உண்மையில் அது போர்த்துகீசிய ‘பைலதெய்ரா’, அதாவது ஆடுபவள், பிரெஞ்சு வாயில் திரிந்தது. 1838இல் புதுச்சேரி வட்டாரத்திலிருந்து ஒரு சதிர்க்குழுவை டார்டிவெல் என்ற பிரெஞ்சு வியாபாரி கப்பலேற்றிப் பாரிஸுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோனபோது, அவர்கள் அங்கே பயதேர்களாகத்தான் விளம்பரப்படுத்தப்பட்டார்கள். குழுவில் அம்மணி என்ற இளம்பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்துக் கவிஞர் தியோஃபில் கோத்தியே மயங்கி எழுதினார். சிற்பி ழான் ஓகுஸ்த் பார் அவளுக்கு வெண்கலத்தில் சிறு சிலை செய்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1877இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடன அமைப்பாளர் பெதிபா ‘லா பயதேர்’ என்ற பாலேயை அரங்கேற்றினார். அதில் கோயில் நடனக்காரி ஒருத்தி நுனிக்காலில் நின்று ஆடுவாள். தரையை அழுத்தி அரைமண்டியில் ஆடும் கலையிலிருந்து கிளம்பிய கற்பனை, நுனிக்காலில் போய் முடிந்தது.

ஆங்கில மேடையில் நாட்ச் என்ற சொல் எந்த மரியாதையில் இருந்தது என்பதற்கு ஓர் அத்தாட்சி போதும். 1891இல் லண்டன் சவாய் அரங்கில் ‘தி நாட்ச் கேர்ள்’ என்ற வேடிக்கை ஓபரா வந்தது. அதன் துணைத் தலைப்பு ‘சட்னிபூர் ராஜா’. எழுதியவரின் குடும்பப் பெயர் டான்ஸ். ஜார்ஜ் டான்ஸ். நான் இட்டுக்கட்டவில்லை. இருநூறு காட்சி ஓடியிருக்கிறது. அதற்குப் பத்து ஆண்டு முன்பு, 1881இல், அகஸ்டின் டேலி என்ற நாடக அரங்க முதலாளி இந்தியாவிலிருந்து நிஜ ஆட்டக்காரர்களையே நியூயார்க்குக்கு வரவழைத்து ஓர் ஓபராவுக்குள் ஆடவிட்டார். அது எடுபடவில்லை. உண்மையான நாட்ச் தோற்ற இடத்தில் சட்னிபூர் வென்றது.

சட்னிபூருக்கு மறு ஆண்டு சென்னையில் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். சென்னை இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கம், 1892. தெலுங்கு நாட்டின் கந்துகூரி வீரேசலிங்கம், வெங்கடரத்னம் நாயுடு போன்றவர்கள் முன்னின்ற இயக்கம் அது. கல்யாணத்துக்கும் விழாவுக்கும் ஆட்டக்காரப் பெண்களை அழைக்க மாட்டோம், அழைத்த வீட்டுக்குப் போக மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். 1890 முதல் சென்னையில் வந்துகொண்டிருந்த ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ இதழ் அதற்குப் பேச்சுமேடை. எல்லாம் ஆங்கிலத்தில். அதனால்தான் சதிரை எதிர்த்தவர்கள்கூட ‘ஆன்டி-சதிர்’ என்று சொல்லாமல் கல்கத்தா ஆங்கிலத்தின் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

1893இல் வைஸ்ராய்க்கும் சென்னை கவர்னருக்கும் விண்ணப்பம் போனது. நாட்ச் நடக்கும் விருந்துகளுக்குத் தாங்கள் வரக் கூடாது, ஆடுகிறவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்பது ஊரறிந்தது என்று. பதில் சுவாரஸ்யமானது. வைஸ்ராய் பயணத்தில் ஓரிரு இடத்தில் நாட்ச் பார்த்ததாகவும், அவர் கவனித்த அளவில் அதில் தகாதது எதுவும் இல்லையென்றும், அதனால் கோரிக்கையை ஏற்க இயலாது என்றும் கடிதம் வந்தது. எனக்கு இந்தக் கடிதப் போக்குவரத்தில் இரண்டு பக்கமும் பேசியது வெவ்வேறு விஷயம் என்றே படுகிறது. வைஸ்ராய் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். விண்ணப்பித்தவர்கள் ஆடுகிறவளைப் பற்றிப் பேசினார்கள். பிரௌனிங்கைத் திருத்திய அகராதிக்காரர்கள் இதையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

இதில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது நிறுத்தப்பட வேண்டியதே. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தபோது அவர் கேட்டது அதைத்தான். அவர் தாயார் சந்திரம்மாள், தேவதாசிகள் வந்த இசை வேளாளர் சமூகத்துக் குடும்பத்தில் பிறந்தவர். தூரத்திலிருந்து பார்த்துப் பரிதாபப்பட்டவர் அல்ல முத்துலட்சுமி. அதே சமூகத்திலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்று நாவலே எழுதினார். இவர்கள் சொன்னதை யாரும் கலைக்கு எதிரான கூச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் பொட்டுக்கட்டுதல் ஒன்று, ஆட்டம் வேறொன்று, ஆடிப் பிழைக்கும் பெண்ணின் வருமானம் இன்னொன்று, அவளுடைய குடும்ப அமைப்பு மற்றொன்று. நாட்ச் என்ற சொல் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. மூட்டையை எதிர்க்கிறவர் நான்கையும் எதிர்த்தாக வேண்டும். காப்பாற்றுகிறவர் நான்கையும் காப்பாற்றியாக வேண்டும். தேவதாசிகளே அமைப்பாகத் திரண்டு அரசுக்கு மனு கொடுத்தார்கள். எங்களையும் விபச்சாரத்தையும் ஒன்றாக்காதீர்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அதில் பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு முக்கியப் பங்கு உண்டு. தியாகராஜருக்குத் திருவையாற்றில் சமாதிக் கோயில் எழுப்பிய அதே அம்மையார். அவர் அதற்கு முன்பே ஒரு போர் நடத்தியிருந்தார். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞரின் தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு தடை போட்டது. அந்தக் காவியத்தை முன்பே கடுமையாகச் சாடியிருந்தவர் வீரேசலிங்கம். நாட்ச் எதிர்ப்பும் நூல் எதிர்ப்பும் ஒரே கையிலிருந்து வந்தது தற்செயல் இல்லை. பெண் எழுதினாலும் ஆடினாலும் சிருங்காரம் வந்தால் அவளுடைய குலத்தைக் கேட்பது அந்தக் கால நியாயம்.

மூட்டையை அவிழ்க்க முயன்றவர் ஈ. கிருஷ்ணய்யர். வக்கீல், காங்கிரஸ்காரர், மெலட்டூர் நடேச ஐயரிடம் ஆட்டம் கற்றுப் பெண் வேடத்தில் தானே மேடையேறியவர். 1931 மார்ச்சில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரையும் மியூசிக் அகாடமி மேடையில் ஆடவைத்ததில் அவர் கை உண்டு. 1932 இறுதியில் சென்னை மாகாண முதலமைச்சரான பொப்பிலி ராஜாவின் வரவேற்பில் சதிர் நடந்ததை முத்துலட்சுமி கண்டிக்க, கிருஷ்ணய்யர் பதில் எழுத, பத்திரிகைகளில் அனல் பறந்தது. தீமையை ஒழியுங்கள், கலையை விடுங்கள் என்பது கிருஷ்ணய்யர் கட்சி. இந்தக் காலத்தில்தான் அகாடமி வட்டாரத்தில் ‘பரதநாட்டியம்’ என்ற பெயர் நிலைபெற்றது. பெயர் மாறியதும் ஆட்டம் தப்பியது. 1935 டிசம்பரில் அடையாறு தியாசபிகல் சொசைட்டியில் ருக்மிணி தேவி அரங்கேறினார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும்.

அவிழ்த்த மூட்டையில் ஆட்டம் ஒருபக்கம் போனது, ஆடியவர்கள் இன்னொரு பக்கம் போனார்கள். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவது குற்றமானது, மிகச் சரி. ஆனால் அதற்குள் கல்யாண வீட்டுச் சதிர் நின்று, சமஸ்தான ஆதரவு போய், அந்தக் குடும்பங்களில் பல தங்கள் பெண்களுக்கு ஆட்டம் சொல்லித் தருவதையே நிறுத்திவிட்டிருந்தன. சபா மேடைகளில் வேறு வீட்டுப் பெண்கள் ஆடத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் அமெரிக்காவுக்குப் போயே ஆக வேண்டும். நியூ ஜெர்சியில் பிறந்த ரூத் செயின்ட் டெனிஸ், கோனி தீவுக் கேளிக்கைப் பூங்காவில் இந்தியர்களை வைத்து நடத்திய ‘டெல்லி தர்பார்’ காட்சியைப் பார்த்திருக்கிறார். அது கொடுத்த தூண்டுதலில் 1906இல் ‘ராதா’ என்ற நடனத்தை அமைத்தார். இசை டெலிப் என்ற பிரெஞ்சுக்காரருடையது. பிறகு ‘நாட்ச்’ என்றே ஒரு நடனம், பெரிய கொசுவப் பாவாடை சுழலச் சுழல. 1925-26இல் தன் கணவர் டெட் ஷானுடனும் குழுவுடனும் ஆசியா முழுக்கச் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்து அந்த நாட்ச் நடனத்தை இந்தியர் முன்னாலேயே ஆடினார். அரங்கு நிறைந்தது. படித்த இந்தியர்கள் கைதட்டினார்கள். சொந்த ஊர்ப் பெண் ஆடினால் போகக் கூடாது என்று முப்பது ஆண்டுகளாகப் பிரச்சாரம் நடந்த நாட்டில், அமெரிக்கப் பெண் அதே பெயரில் ஆடியதைப் பார்க்கப் போவதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் செய்தது கற்பனை, அதை மறைக்கவும் இல்லை. கைதட்டியவர்களைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

டெட் ஷான் பிறகு மாசசூசெட்ஸில் ஜேக்கப்ஸ் பில்லோ என்ற நடன மையத்தை உருவாக்கினார். 1962இல் அங்கே வந்து ஆடியவர் பாலசரஸ்வதி, வீணை தனம்மாளின் பேத்தி. பாவாடைச் சுழற்சியை நாட்ச் என்று மேடையேற்றிய குழுவின் தலைவர் நடத்திய அரங்கில், அந்தச் சொல்லால் அடிபட்ட மரபின் கடைசிப் பெரிய கலைஞர் பதம் பாடி அபிநயம் பிடித்தார். பாடிக்கொண்டே ஆடுவது அவருக்கு இயல்பு. நிக்கியைக் கேட்ட ஃபேனி பார்க்ஸுக்கு அது புரிந்திருக்கும்.

இனி மொழிபெயர்ப்பு வேலைக்கு வருகிறேன். நான் வைத்திருக்கும் வழக்கம் இது. கல்கத்தா, லக்னோ, டெல்லி சம்பந்தப்பட்ட உரையில் நாட்ச் வந்தால் ‘நாச்’ என்றே விட்டுவிடுவேன், ஒருமுறை அடிக்குறிப்பில் விளக்கினால் போதும். தஞ்சை, சென்னை, புதுக்கோட்டை என்றால் சதிர். கல்யாணக் கணக்கு, ஊர்வலம் என்று வந்தால் சின்னமேளம். 1930களுக்கு முந்தைய எதையும் பரதநாட்டியம் என்று எழுதுவதில்லை. ஆங்கிலப் பத்திரிகையாளர் எழுதியதை நான் திருத்துகிறேனே என்று சிலர் கேட்கலாம். அவர் எதைப் பார்த்தார் என்பது தெரிந்திருக்கும்போது அவருடைய குழப்பத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?

‘ஆன்டி-நாட்ச் இயக்கம்’ மட்டும் விதிவிலக்கு. இதைத் ‘தேவதாசி ஒழிப்பு இயக்கம்’ என்று பல தமிழ் நூல்கள் மொழிபெயர்க்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. 1890களில் கேட்டது ஆட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லி, விருந்துக்குப் போகிற கனவான்களிடம். 1927க்குப் பிறகு கேட்டது பொட்டுக்கட்டைத் தடைசெய்யச் சொல்லி, சட்டமன்றத்திடம். முன்னதில் தேவதாசிப் பெண்களின் குரல் ஏறக்குறைய கிடையாது. பின்னதில் இரண்டு பக்கமும் அவர்கள் இருந்தார்கள். அதனால் முன்னதை ‘நாட்ச் எதிர்ப்பு இயக்கம்’ என்றே எழுதுகிறேன், அந்நியமாக இருந்தாலும் பரவாயில்லை.

மிகவும் சிக்கலானது ‘நாட்ச் கேர்ள்’. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னையில் அச்சான பட அஞ்சலட்டைகளில் பட்டுச்சேலையும் ராக்கொடியும் ஒட்டியாணமுமாகப் பெண்கள் நிற்பார்கள். கீழே ‘நாட்ச் கேர்ள், மெட்ராஸ்’ என்று மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. ஊர் இருக்காது. இப்போது ஏலத்தில் விற்கும் தளங்களிலும் அதே தலைப்புத்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பெண்களை, குடியேற்றியபோது, எந்தச் சேரி, எந்தச் சிறகு (தெரு வரிசை), எத்தனையாவது வீடு, எந்தத் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவள், பெயர் என்ன என்று ஆளுக்கு ஒரு வரியாகக் கல்லில் வெட்டி, ஆளுக்கு நூறு கலம் நெல் பங்கும் எழுதிவைத்தான். தெற்குத் தளிச்சேரியின் முதல் வீட்டில் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை இருந்தாள் என்பதை இன்றைக்கும் போய்ப் படிக்கலாம். ராஜராஜனைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்கு விருப்பம் இருந்ததா என்று கல்வெட்டு பேசாது. சம்பளப் பட்டியலுக்குப் பெயர் தேவைப்பட்டது, அஞ்சலட்டைக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அஞ்சலட்டைத் தலைப்பை மொழிபெயர்க்கும்போது ‘நாட்டியப் பெண்’ என்றோ ‘தேவதாசி’ என்றோ நான் போடுவதில்லை. படத்தில் நிற்பவர் இரண்டுமாக இல்லாமல்கூட இருக்கலாம். ஸ்டுடியோக்காரர் நகை மாட்டி நிற்கவைத்த யாரோவாகவும் இருக்கலாம். மேற்கோள் குறிக்குள் ‘நாட்ச் கேர்ள்’ என்று எழுத்துப்பெயர்ப்பு செய்து, பக்கத்தில் ‘அஞ்சலட்டையில் உள்ளபடி’ என்று போட்டுவிடுகிறேன். பதிப்பாசிரியர் ஒருவர் இது அழகாக இல்லை, ‘ஆடல் மகளிர்’ என்று மாற்றலாமே என்று கேட்டார். சங்க இலக்கிய வாசனையடிக்கும் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் 1905ஆம் ஆண்டு அஞ்சலட்டையின் மேல் ஒட்ட நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்போம்.